அறுபதாம் லெவல் சம்பந்தியம்மா

குருபரப்பள்ளி,
25.11.2024

சம்பந்தியம்மா இருளாயி அவர்களுக்கு,

குருபரப்பள்ளி சம்பங்கி எழுதுவது. இங்கே எல்லாரும் நல்லபடி இருக்கிறோம். எனக்கு முழங்கால் மட்டும் மழைக்குக் குடைகிறது. உங்கள் கண் ஆபரேஷன் ஆறிவிட்டதா, சர்க்கரை எவ்வளவு என்று எழுதவும்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். உங்கள் மகள் தமிழ்செல்வி என் மகன் ஹரீஷ்குமாரைக் கட்டிக்கொண்ட அன்று, ஓசூர் மண்டபத்தில் நான் மைக்கைப் பிடித்து, பெங்களூர்ப் பக்கத்து உறவுக்காரர்களை "ஊட்டக்கெ பன்னி" என்று கூப்பிட்டேன். சாப்பிட வாருங்கள் என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வோம். உங்கள் அண்ணன் எழுந்து, "என்னய்யா, நம்மளப் பாத்துப் பன்னிங்குது இந்தம்மா!" என்றார். மண்டபமே சிரித்தது. நீங்கள் மூன்றாவது வரிசையில், பச்சைக் கரை போட்ட மஞ்சள் பட்டில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். இனி என் குரல் உங்கள் காதில் விழாது என்று அன்றைக்குச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் போன் விளையாட்டில் ஹரீஷும் தமிழ்செல்வியும் பிள்ளைகளும் நாமுமாக ஆறு பேரும் செத்துப்போனோம். போன வாரமும் அதே கதை. கோட்டைக்குள் கல் யானை எழுந்து வரும்போது திரை முழுக்கப் புகை மூடிவிடும். ஒதுங்க எங்கே இடம் இருக்கிறதென்று முன்னால் நிற்கிற மாதேஸ்வரி பார்த்துக் குரல் கொடுப்பாள். நம் பேத்தி சுசித்ராவோடு ஸ்கூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற, கர்நாடகத்து ஆனேக்கல் பெண், தெரியுமல்லவா, அவள்தான். குரல் வந்த இடத்துக்கு எல்லாரும் ஓடிவந்து என் கேடயத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ள வேண்டும். மருத்துவச்சி நீங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் நாங்கள் உயிர் பிடிப்போம். நீங்களோ நேர் எதிர்த் திசையில் ஓடுகிறீர்கள்! யானை உங்களை மிதித்துவிட்டு எங்களிடம் வருகிறது.

ஏன் இப்படி என்று யோசித்தேன். தீபாவளிக்கு உங்கள் ஊருக்கு வந்த சுசித்ரா, லீவு முடிவதற்குள் உங்களை அறுபதாம் லெவலுக்கு ஏற்றிவிட்டாள். அவள் குகைக்குள் வெட்டிக்கொண்டே போவாள், நீங்கள் பின்னால் சும்மா நிற்பீர்கள், லெவல் தானாக ஏறும். நான் அப்படியா ஏறினேன்? நெடுஞ்சாலைப் பழக்கடையில், பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாமல், பட்டனில் இருக்கிற படத்தைப் பார்த்தே பன்றி அடித்து, ஓநாய் அடித்து, இரண்டு வருஷம் ஏறினேன். எந்தப் பிராணி எந்தக் காலை முதலில் தூக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன தெரியும்?

தமிழ் வருஷப் பிறப்பன்று கோட்டைத் திருவிழா. அன்றைக்கு யானை விழாவிட்டால் அப்புறம் ஒரு வருஷத்துக்குக் கதவு திறக்காது. ஆகையால் அந்த அறுபதை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். முடியாது என்றால், ஹரீஷ் கம்பெனியில் வேலை செய்கிற பரமசிவம் உங்கள் இடத்துக்கு வரக் காத்திருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சம்பங்கி


அருப்புக்கோட்டை,
2.12.2024

குருபரப்பள்ளிச் சம்பந்தியம்மாவுக்கு,

இருளாயி வணக்கத்தோடு எழுதுகிறேன். கண் தெளிந்துவிட்டது. தெளியாமலே இருந்திருக்கலாம், உங்கள் கடுதாசியைப் படிக்க வேண்டி வந்திருக்காது. சர்க்கரையை நான் அளப்பதில்லை. அளந்தால்தானே ஏறும். உங்கள் முழங்காலுக்கு விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவுங்கள்.

அன்றைக்கு நான் கட்டியிருந்தது மஞ்சள் பட்டு அல்ல, எலுமிச்சை நிறம். கரை பச்சைதான்.

சீக்கிரம் ஏறியவளுக்கு ஆட்டம் தெரியாது என்கிறீர்கள். சுசித்ராவை ஒரே வாரம் பழக்கி வேலையில் நிறுத்தினார்களே, அவள் பூட்டுகிற வண்டியெல்லாம் கோணலாகவா ஓடுகிறது? மெதுவாக ஏறினால்தான் வித்தை என்றால், எங்கள் ஊர் டவுன் பஸ்தான் உலகத்திலேயே பெரிய வித்தைக்காரன்.

என்னை ஏற்றிவிடு என்று நான் ஏன் அவளிடம் சொன்னேன் என்று கேளுங்கள். ஒன்றாம் லெவல்காரியைக் கோட்டைக் காவல்காரன் உள்ளே விடமாட்டான். நீங்கள் ஐந்து பேரும் உள்ளே போய்விடுவீர்கள், நான் வெளியே கோழி அடித்துக்கொண்டு நிற்பேன். அவர் போன பிறகு இந்த வீட்டில் விளக்கு வைத்தால் ஃபேன் சத்தம்தான் துணை. தமிழ்செல்வி போனில் கூப்பிட்டால், "நல்லாருக்கியாம்மா, சாப்ட்டியா, வச்சுறட்டுமா" என்பதோடு சரி. கோட்டைக்குள்தான், "யம்மா, பின்னால பாரு! யம்மா, மருந்து! யம்மா, எங்க இருக்க?" என்று ஒரு மணி நேரம் கூப்பிடுகிறாள். அங்கே மட்டும்தான் அவளுக்கு நான் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைப் பரமசிவத்துக்குக் கொடுக்கப் போகிறீர்களா?

நான் என்ன தப்பு செய்தேன் என்று பிள்ளை சுசித்ராவிடம் கேட்டேன். "மாதேஸ்வரி சொல்றபடி செய்ங்க அம்மாச்சி, போதும்" என்றாள். அவள் சொல்கிறபடிதான் செய்கிறேன்.

மழையில் நனையாதீர்கள்.

இருளாயி


குருபரப்பள்ளி,
10.12.2024

சம்பந்தியம்மாவுக்கு,

சம்பங்கி எழுதுவது. விளக்கெண்ணெய் தடவினேன், தேவலை. பட்டு மஞ்சள்தான். கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு ஃபேன் சத்தத்தைப் படித்தபோது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. அதற்காக யானை இரக்கப்படுமா? சுசித்ரா கம்பெனியில் தப்பாகப் பூட்டினால் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் நிற்கிறது. கோட்டைக்குள் ஒரே ஒரு தப்புதான். அதோடு எல்லாரும் மண்ணில் கிடப்போம்.

மாதேஸ்வரி சொன்னபடி செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்று செய்கிறீர்கள், நான் கண்ணால் பார்க்கிறேன். படிப்படியாக ஏறாதவர்களுக்கு நெருக்கடியில் புத்தி நிற்காது. என் முடிவில் மாற்றம் இல்லை. ஒன்றிலிருந்து வாருங்கள். நாற்பது ஆனால் காவல்காரன் கதவைத் திறப்பான். அதுவரை உங்கள் இடத்தில் யாரும் நிற்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. பரமசிவத்திடம் சொல்லிவிட்டேன்.

குளிர் அதிகம். அங்கே எப்படியோ?

சம்பங்கி


அருப்புக்கோட்டை,
2.1.2025

சம்பந்தியம்மாவுக்கு,

நலம். இங்கே குளிர் இல்லை.

புதுப் பெயரில் ஒன்றாம் லெவலில் ஆரம்பித்துவிட்டேன். கிழிந்த துணியும் ஒரு மரக்குச்சியும் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அடிக்கச் சொல்லியிருப்பது பன்றிகளை. உங்கள் கல்யாண மைக்கை நினைத்துக்கொண்டேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். தமிழ்செல்வி கேட்டால் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

இருளாயி


குருபரப்பள்ளி,
10.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

சம்பங்கி எழுதுவது. ஹரீஷ், தமிழ்செல்வி, சுசித்ரா எல்லாரும் சுகம். உங்கள் கடுதாசிக்கு உடனே பதில் போடவில்லை. கடையில் கொய்யா வந்து குவிந்துவிட்டது.

போன வாரம் விளையாட்டில் ஆற்றங்கரைப் பாறைப் பக்கம் போனேன். உங்களைத் தேடிப் போனேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கு அங்கே வேறு வேலை இருந்தது. கிழிந்த துணிக்காரி ஒருத்தி நின்றிருந்தாள். ஊர் பேர் தெரியாத ஓர் ஆள் ஓநாய்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். அவள் ஓடிப்போய் மருந்து தூவினாள். அது பெரிதில்லை. அடி விழுந்த பிறகு மருந்து போடுவது எல்லாரும் செய்வதுதான். இவள் கை அடி விழுவதற்கு முன்பே போகிறது! ஓநாய் வாயைத் திறக்கும்போதே மருந்து அங்கே இருக்கிறது. அந்த ஆள் நன்றி கூடச் சொல்லாமல் போனான். அவள் ஒன்றும் நினைக்காமல் மறுபடி பன்றிகளிடம் போய்விட்டாள்.

அடுத்த நாளும் போய்ப் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் போனேன். கடைக்கு வந்தவர் கொய்யாவை அவரே எடை போட்டு எடுத்துக்கொண்டு போகும் அளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் பாடுபட்ட எனக்கு அந்தக் கை இல்லை. இதை எங்கே கற்றீர்கள்? குகையில் சும்மா நின்றபோதா?

உங்கள் மகள் ஒவ்வொரு ஞாயிறும், "அம்மா கண்ணுக்கு இன்னுமா சொட்டு மருந்து?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

சம்பங்கி


அருப்புக்கோட்டை,
20.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடுதாசி கண்டு சந்தோஷம். கொய்யாவை ஏமாந்து விற்காதீர்கள்.

பாறைக்குப் பின்னால் கேடயத்தின் ஓரம் தெரிந்துகொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய கேடயத்தை வைத்துக்கொண்டு ஒளியலாமா? ஆத்தி, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தச் சிரிப்பையும் கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கற்றேன் என்று கேட்டீர்கள். குகையில்தான். பிள்ளை முன்னால் வெட்டிக்கொண்டு போகும்போது நான் சும்மா நிற்கவில்லை. எது எப்போது கை ஓங்குகிறது என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்டுகிறவளுக்கு அதைப் பார்க்க நேரம் ஏது? அதற்கு முன்னால் அவர் படுக்கையில் கிடந்தபோது, இருமல் வருவதற்கு முன்பே மூச்சு மாறும். அதைக் கேட்டு எழுந்து எழுந்து பழகிய கை இது.

முப்பதைத் தாண்டிவிட்டேன். பங்குனியில் கோட்டைக்கு வந்துவிடுவேன். தமிழ்செல்வியிடம் சொல்ல வேண்டாம், நானே வந்து நிற்கிறேன்.

இருளாயி


குருபரப்பள்ளி,
17.3.2025

சம்பந்தியம்மாவுக்கு,

சம்பங்கி எழுதுவது. எல்லாரும் சுகம். நேற்று உங்களைக் கோட்டை வாசலில் பார்த்ததும் தமிழ்செல்வி போட்ட சத்தத்தில் என் கடை முன்னால் நின்ற லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

யானை எழுகிறவரை உங்களைப் போல ஒரு மருத்துவச்சியை நான் பார்த்ததில்லை. நாற்பதாம் லெவலை வைத்துக்கொண்டு எங்கள் ஐந்து பேரையும் ஒரு கீறல் இல்லாமல் நடத்திக்கொண்டு போனீர்கள். சுசித்ரா, "அம்மாச்சி, சூப்பர்!" என்று கத்தினாள். என் மகன் மூக்கின் மேல் விரல் வைத்தான்.

யானை எழுந்தது. புகை மூடியது. மாதேஸ்வரி குரல் கொடுத்தாள். நீங்கள் மறுபடி எதிர்த் திசையில் ஓடினீர்கள்.

எனக்குப் புரியவில்லை, சம்பந்தியம்மா. சீக்கிரம் ஏறியதுதான் குறை என்றேன். நீங்கள் படிப்படியாக ஏறி வந்தீர்கள், நான் பாறைக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். கையில் குறையில்லை. புத்தியிலும் குறையில்லை. அறுபதில் எங்கே ஓடினீர்களோ நாற்பதிலும் அங்கேயேதான் ஓடுகிறீர்கள். அப்படியானால் குறை லெவலில் இல்லை. பின்னே எதில்?

பரமசிவத்தைக் கூட்டி வரலாம் என்று ஹரீஷ் சொல்லத் தொடங்கிவிட்டான். திருவிழாவுக்கு நாள் அதிகம் இல்லை. நான் இதுவரை கேட்காததைக் கேட்கிறேன். புகை மூடியதும் ஏன் ஓடுகிறீர்கள்? இதை மட்டும் எழுதுங்கள்.

சம்பங்கி


அருப்புக்கோட்டை,
24.3.2025

சம்பந்தியம்மாவுக்கு,

வெயில் ஆரம்பித்துவிட்டது. மோர் குடியுங்கள்.

ஏன் ஓடுகிறேன் என்று இப்போதாவது கேட்டீர்களே. நான் நினைத்து ஓடவில்லை. புகையில் எனக்குக் கண் தெரிவதில்லை, குரல்தான் வழி. நான் உங்கள் எல்லாரோடும் சேர்ந்து ஓடி வருகிறேன். கிட்டத்தில் வந்ததும் அந்த மாதேஸ்வரி, "இல்லெ! இல்லெ!" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். இங்கே இல்லை போலிருக்கிறது, வேறு பக்கம் போலிருக்கிறது என்று திரும்பி ஓடுகிறேன். ஓட ஓட இன்னும் சத்தமாக, "இல்லெ! இல்லெ!" என்கிறாள். நான் இன்னும் தூரமாக ஓடுகிறேன். அவள் சொல்கிறபடிதான் செய்கிறேன் என்று முதல் கடுதாசியிலேயே எழுதினேன்.

பன்றி வயலில் இதை எப்படிக் கற்றுக்கொள்வது, சொல்லுங்கள். அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒன்றிலிருந்து ஏறியதில் எனக்குப் பொறுமை வந்தது, பன்றிகளின் மேல் கொஞ்சம் பிரியமும் வந்தது. கோட்டையில் கற்க வேண்டியதைக் கோட்டையில் நின்றால்தானே கற்க முடியும்?

இன்னொன்று. நான் வருவதற்கு முன்னால் குரல் கொடுத்தது நீங்கள்தானாம். சுசித்ரா சொன்னாள். "அவ்வா கூப்புட்டா பொணம்கூட எந்திரிச்சு வந்துரும் அம்மாச்சி" என்றாள். நான் சேர்ந்த நாளில் மைக்கை மூடிவிட்டு அந்த வேலையை மாதேஸ்வரியிடம் கொடுத்தீர்களாம். அது உங்கள் இஷ்டம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பரமசிவம் நன்றாக விளையாடுவார் என்றால் அவரையே கூட்டிக்கொள்ளுங்கள். தமிழ்செல்வியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இருளாயி


அருப்புக்கோட்டை,
15.4.2025

சம்பந்தியம்மாவுக்கு,

இருளாயி எழுதுகிறேன். புது வருஷம் உங்களுக்கு நல்லபடி பிறந்திருக்கும். எனக்குப் பிறந்துவிட்டது.

என் கடுதாசிக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. போஸ்ட்மேனை இரண்டு தடவை வழிமறித்துக் கேட்டுவிட்டேன். சரி, என் இடம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, திருவிழாவுக்கு முந்தின நாள் பிள்ளை கூப்பிட்டாள். "அம்மாச்சி, அவ்வா சொல்லச் சொன்னாங்க. நாளைக்குப் பழைய அறுபதுலயே வரணுமாம்." வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

வந்தேன். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றீர்கள். யானை எழுந்தது. புகை மூடியது. மறுபடி "இல்லெ" என்ற சத்தம் வரும், மறுபடி எங்கே ஓடுவது?

அப்போது ஒரு குரல் வந்தது.

"இங்க! இங்க வாங்க சம்பந்தியம்மா! நேரா வாங்க, என் முதுகுக்குப் பின்னால வாங்க!"

எனக்கு ஒரு நிமிஷம் யார் என்றே தெரியவில்லை. மண்டபத்து மைக்கில் கேட்ட குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது. ஓடி வந்தேன். கேடயத்தில் முட்டிக்கொண்டேன். யானை நம் ஆறு பேர் தலைக்கு மேல் இடித்துக்கொண்டு போனது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் அடி வாங்கினீர்கள், நான் மருந்து போட்டேன், நீங்கள் வாங்கினீர்கள், நான் போட்டேன். உங்கள் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மைக் திறந்திருந்ததால் எப்போது அடி விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன். யானை முட்டி போட்டுச் சரிந்தபோது தமிழ்செல்வி, "யம்மா! யம்மா!" என்று அழுதாள்.

அதற்கப்புறம்தான் சுசித்ரா சொன்னாள். மாதேஸ்வரி கத்தியது "இல்லெ" அல்லவாம், "இல்லி"யாம். கன்னடத்தில் இங்கே என்று அர்த்தமாம். இங்கே வா, இங்கே வா என்று அந்தப் பிள்ளை கத்தக் கத்த, நான் வேண்டாம் என்கிறாள் என்று ஓடியிருக்கிறேன். இதைக் கேட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தார், மாதேஸ்வரி சிரித்தாள், என் மகளும் சிரித்தாள்.

நீங்கள் சிரிக்கவில்லை. மைக் திறந்துதான் இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

பட்டு மஞ்சள்தான் சம்பந்தியம்மா. பீரோவைத் திறந்து பார்த்தேன்.

மாம்பழம் வருகிற சமயத்தில் உங்கள் வீட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன். அழைப்பெல்லாம் வேண்டாம். வாசலில் நின்று அன்றைக்கு மைக்கில் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லுங்கள். இந்தத் தடவை சரியான பக்கம் ஓடி வருவேன்.

இருளாயி


குருபரப்பள்ளி,
21.4.2025

சம்பந்தி,

சுகம். முழங்காலும் சுகம்.

மல்கோவா வைகாசியில் வரும். கிருஷ்ணகிரியில் இறங்கி ஓசூர் போகிற டவுன் பஸ் ஏறுங்கள், எக்ஸ்பிரஸ் நம் ஊரில் நிற்காது. பாலத்துக்கு இந்தப் பக்கம் பழக்கடை. தூரத்திலிருந்தே என் குரல் கேட்கும்.

சர்க்கரையை அளந்துவிட்டு வரவும். உங்கள் அறுபதாம் லெவலை யாராவது குறை சொன்னால் என்னிடம் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணனைக் கூட்டி வர வேண்டாம். அவர் கணக்கு அப்படியே இருக்கிறது.

ஊட்டக்கெ பன்னி.

சம்பங்கி